தாய்ச்செடி: தடி வெட்டி நடுகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

திருகோணமலையில் செவ்வரத்தைக் கன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. அடுத்த வளவில் நல்ல நிறத்தில் ஒன்று பூத்துவிட்டால், "அக்கா, உதில ஒரு தடி முறிச்சுத் தாங்கோ" என்று கேட்டு வாங்கி, கிணற்றடியில் ஊன்றிவிடுவதுதான் வழக்கம். மாரி காலமென்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு செடிக்கு இதுவே போதும். வேலி முழுவதும் அதே பூ வேண்டும், கோயிலுக்குப் பூக் கொடுக்கிற அளவுக்கு வேண்டும், அல்லது வீட்டிலேயே சின்னதாக ஒரு நாற்றுமேடை போட்டு விற்க வேண்டும் என்று இறங்கினால் கதை மாறுகிறது. கண்ட செடியில் கண்ட தடியை முறித்து நட்டால் பாதி கருகும். மீதியில் சில வளராமல் குந்திக்கொண்டிருக்கும். சில, பூத்த பிறகுதான் வேறு நிறமென்று தெரியும். தாய்ச்செடி என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது.

தடி எடுப்பதற்காக மட்டும் வளர்க்கப்படும் செடியே தாய்ச்செடி. பூவுக்கும் அழகுக்கும் வைக்கிற செடியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் இரண்டின் பராமரிப்பும் கிட்டத்தட்ட எதிரெதிர். பூச்செடியில் மொட்டு வந்தால் சந்தோஷம். தாய்ச்செடியில் மொட்டு வந்தால் கிள்ளிப் போட வேண்டும். பூச்செடி உயர்ந்தால் பெருமை. தாய்ச்செடி இடுப்பளவைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து "என்ன இது, மொட்டையாக நிற்கிறது" என்று கேட்டால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

விதை போட்டால் ஆகாதா? தோட்டச் செவ்வரத்தைகள் பல தலைமுறைக் கலப்பில் வந்தவை. விதை அரிதாகத்தான் கட்டும். கட்டினாலும் முளைக்கிற பிள்ளை தாயைப் போல இருக்காது. தடியில் வருகிற கன்றில் இருப்பதோ தாயின் அதே மரபணு. மலையகத்தில் "வீ.பி. தேயிலை" என்று சொல்வது இந்த முறையில் உண்டான செடிகளைத்தான். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2025 (இது வகையின் எண், ஆண்டு அல்ல) போன்ற வகை எத்தனை ஏக்கரில் நின்றாலும், எல்லாம் ஒரு செடியின் நகல்களே. அங்கே தடிக்கென்று தாய்ப்புதர்களைத் தனியாக வைத்திருப்பார்கள். அவற்றில் கொழுந்து பறிப்பதில்லை. முதலில் கவாத்து வெட்டி, பல மாதம் வளரவிட்டு, வந்த தளிர்த்தண்டை ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் துண்டு போட்டு நடுவார்கள். பெருந்தோட்டத்தில் நடக்கிற அதே வேலையின் சின்ன வடிவம்தான் வீட்டு வளவில் நாம் செய்வது.

வெட்டினால் ஏன் கிளைக்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. கிளையின் நுனியில் ஒட்சின் என்ற ஓமோன் உண்டாகி, தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை கீழே உள்ள பக்க அரும்புகள் அடங்கிக் கிடக்கும். நுனியைக் கிள்ளியவுடன் அந்த அடக்குமுறை போய்விடும். கீழ்க் கணுக்களில் இரண்டு மூன்று அரும்புகள் கிளம்பும். இதே ஒட்சின்தான் வெட்டிய தடியின் அடியில் தேங்கி வேரையும் தூண்டுகிறது. கடையில் வாங்கும் வேர்விடும் தூளில் இருப்பதும் இதன் செயற்கை உறவுக்காரன் ஒன்று. செவ்வரத்தைக்கு அந்தத் தூள் கட்டாயமில்லை. தடி நல்லதாக இல்லாவிட்டால் தூள் காப்பாற்றவும் மாட்டாது. நல்ல தடிக்கு நல்ல தாய் வேண்டும். செலவழிப்பதென்றால் தாயின் மண்ணுக்கும் எருவுக்கும் செலவழியுங்கள்.

எந்தத் தடி நல்ல தடி? செவ்வரத்தையில், இந்தப் பருவத்தில் வளர்ந்து, பச்சை மாறி லேசாகப் பழுப்பேறத் தொடங்கிய அரைமுற்றல் தண்டு. பென்சில் தடிப்பு, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணு. வளைத்தால் வளைய வேண்டும், கொஞ்சம் அழுத்தினால் முறிய வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்த செடியின் தண்டு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஆனால் வேர் விடுவதற்குத் தேவையான மாச்சத்து அதில் குறைவு, நட்டால் அழுகும். மறுபக்கத்தில், பட்டினி கிடந்த செடியின் தடிக்கு வேர் விடும்வரை தாக்குப்பிடிக்கிற சேமிப்பே இல்லை. ஆகவே தாய்ச்செடிக்கு அளவான சாப்பாடு போதும். உக்கிய கூட்டெரு, அவ்வப்போது மாட்டெருக் கரைசல், நல்ல வெயில். தடி எடுப்பதற்குச் சில வாரம் முன்பிருந்து தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம்.

பூத்துக்கொண்டிருக்கும் கிளை இன்னொரு சிக்கல். அதன் சக்தி எல்லாம் மொட்டுக்குப் போகிறது, வேர் பின்தள்ளப்படும். மொட்டுள்ள தடியைத்தான் நட வேண்டிய நிலை வந்தால் மொட்டு முழுவதையும் கிள்ளிவிட்டு நடுங்கள்.

அடுத்து, அதிகம் பேசப்படாத ஒன்று: செடியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறோம் என்பது. மரபணு ஒன்றுதான் என்றாலும், கிளை தான் இருந்த இடத்தை "நினைவில்" வைத்திருக்கிறது. மிளகுக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற தண்டில் எடுத்த துண்டு, கொடியாக மரம் ஏறும். காய்க்கிற பக்கக் கிளையில் எடுத்த துண்டு ஏறவே ஏறாது. சாடியில் குட்டையாக நின்று காய்க்கும். புதர் மிளகு என்று விற்பது இதைத்தான். கோப்பியிலும் நேராக எழும் தண்டில் எடுத்தால்தான் நேரான செடி. படுக்கைக் கிளையில் எடுத்தது படுத்தே வளரும். சில வீட்டு முற்றங்களில் கிறிஸ்மஸ் மரம் என்று நிற்கிற அரோகேரியாவும் அப்படித்தான், பக்கக் கிளையில் எடுத்த கன்று நிமிர்வதில்லை. செவ்வரத்தை இந்த விஷயத்தில் தாராள மனசுக்காரி, எங்கே வெட்டினாலும் ஓரளவு நிமிர்ந்துவிடும். ஆனாலும் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் தளிர்தான் விரைவில் வேர் விடும். மரத்தின் அடிப்பகுதி, ஆண்டு பல சென்றாலும், இளமைத் தன்மையை வைத்துக்கொள்கிறது, நுனிகள்தான் முதிர்கின்றன. தாழ வெட்டி, அடியிலிருந்து புதுத் தளிர் வரவைத்துக்கொண்டே இருந்தால், வயதான செடியிலும் இளந்தடி கிடைக்கும். தாய்ச்செடியை இடுப்பளவைத் தாண்டவிடக் கூடாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு நிற இலைச் செடிகளில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளையும் பச்சையுமாக இலை உள்ள செவ்வரத்தை, கடதாசிப்பூ போன்றவற்றில் திடீரென்று முழுப் பச்சைக் கிளை ஒன்று வரும். பச்சையம் நிறைய இருப்பதால் அது மற்றக் கிளைகளை முந்தி வளரும். பார்த்தவுடனே அடியோடு வெட்டுங்கள். விட்டால் தாய் முழுவதும் பச்சையாகிவிடும், அதில் எடுக்கிற கன்றும் பச்சைதான். மஞ்சள் விளிம்புள்ள பாம்புச் செடியில் இலையைத் துண்டாக்கி நட்டால் மஞ்சள் விளிம்பு இல்லாத கன்றுதான் வரும். அதைக் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். இதைத் தெரியாமல் விலை கூடிய செடியை வெட்டித் துண்டாக்கியவர்கள் நம்மூரில் நிறையப் பேர்.

சரி, இனித் திருகோணமலைக்கு வருவோம். புத்தகத்தில் சொல்கிற பராமரிப்பை அப்படியே இங்கே செய்ய முடியாததற்கு நான்கு காரணம் உண்டு: மணல், உப்பு, கச்சான் காற்று, மான்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் கடற்கரை மணல். தண்ணீரும் எருவும் நிற்காது. மணலில் வேர்முடிச்சுப் புழுவின் தொல்லையும் கூட. செடி காரணமில்லாமல் வாடினால் வேரைத் தோண்டிப் பாருங்கள், சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் அதுதான். அதனால் தாய்ச்செடியை நிலத்தில் வைக்காமல் பெரிய சாடியில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. பழைய பெயின்ட் வாளியும் போதும், அடியில் துளை இருந்தால். மேல்மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றும் ஏறக்குறைய சமமாகக் கலந்தால் சரி. புதிய தும்புச்சோற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகு சேருங்கள். அதிலும் உப்பு இருக்கும்.

கடலை ஒட்டிய கிணறுகளில் கோடை முற்ற முற்ற உவர் ஏறுகிறது. நிலத்தில் உள்ள செடிக்கு அந்த உப்பை மாரி மழை கழுவிவிடும். கூரைக்குக் கீழே உள்ள சாடியில் அது சேர்ந்துகொண்டே போகும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம், இலை விளிம்பு தீய்ந்தது போலப் பழுப்பு, இரண்டும் இதன் அறிகுறி. குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ அடித்துளை வழியாக நன்றாக வழிந்தோடும்வரை ஊற்றினால் பெரும்பகுதி இறங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். மாரியில் சாடியைத் திறந்த வெளியில் கொஞ்ச நாள் வைத்தால் உங்கள் வேலை மிச்சம்.

வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற கச்சான் காற்று காய்ந்த காற்று. அந்த நாட்களில் வெட்டிய தடி, நடுவதற்கு முன்பே துவண்டுவிடும். தாய்ச்செடியையும் சுவர் மறைவில் வைக்க வேண்டும். மான்களைப் பற்றி நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரிகிற புள்ளிமான்கள் திறந்திருக்கும் வளவுக்குள் வந்தால் முதலில் தேடுவது இளந்தளிரை. தாய்ச்செடியில் நாம் வளர்ப்பதும் அதைத்தான். படலையைச் சாத்துவதையும் சாடியைச் சுற்றி வலை கட்டுவதையும் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

காலக்கணக்கு இந்த ஊருக்கு இப்படி அமைகிறது. இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விழுகிறது. ஆகவே ஆவணிக் கடைசியில், காற்று தணியும் நேரம் பார்த்து, தாய்ச்செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தண்ணீரும் எருவும் கொடுங்கள். தளிர் வந்து அரைமுற்றலாக இரண்டு மாதம் ஆகும். ஐப்பசிக் கடைசியில் ஈரக் காற்று இருக்கும்போது தடி தயாராகிவிடும். விடியற்காலையில், செடி தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கையில் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேலே உள்ள பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, நிழலில் நடுங்கள். மழை நேரே விழாமல் பொலித்தீன் மறைப்பு வேண்டும்; கார்த்திகை மழையில் நனைந்த தட்டில் தடி அழுகுவது சாதாரணம். செவ்வரத்தை நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். ஒரே நேரத்தில் தாயின் தளிர்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்ச இலைகள் சமைத்துப் போட்டால்தான் அடுத்த தளிர் வரும்.

சாடியில் உள்ள தாய்க்கு ஓராண்டு, இரண்டாண்டுக்குள் வேர் சுற்றி இறுகிவிடும். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தால் ஓடினால் நேரம் வந்துவிட்டது. வெளியே எடுத்து, சுற்று வேரைக் கூரான கத்தியால் கால்வாசியோ கொஞ்சம் கூடவோ சீவி, புது மண்ணில் திரும்ப வையுங்கள். அதே நாளில் மேலேயும் குறைத்து வெட்டுங்கள். வேர் குறைந்த பிறகு பழைய அளவு இலையை அதனால் தாங்க முடியாது.

இப்போது பலர் கேட்கிற கேள்வி. தடியில் வந்த கன்றை அடுத்த தாயாக வைத்து, அதன் தடியில் வந்ததை அதற்கடுத்த தாயாக வைத்துக்கொண்டே போனால் வம்சம் தேயாதா? போட்டோக் கொப்பியைக் கொப்பி எடுத்தால் மங்குவது போல மங்கும் என்றுதான் நம்புகிறார்கள். மங்காது. வெற்றிலை தலைமுறை தலைமுறையாகக் கொடித்துண்டில்தான் வருகிறது. கதலியும் இதரையும் குட்டி பிரித்துத்தான் வருகின்றன; விதையில்லாத வாழைக்கு வேறு வழியும் இல்லை. நகல் எடுப்பதால் மட்டும் செடி தேய்வதென்றால் வாழை எப்போதோ அழிந்திருக்கும்.

அப்படியானால் சில வம்சம் உண்மையிலேயே நலிவது ஏன்? முக்கியக் காரணம் வைரசு. விதையில் பெரும்பாலான வைரசுகள் கடந்து வருவதில்லை. தடியிலோ தாயின் சாறோடு முழுவதும் வந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஒன்று சேரலாம், சேர்ந்தது எதுவும் தானாகப் போவதில்லை. வாழையில் குருத்திலைகள் கொத்தாகக் குறுகி நிற்கிற நோய் குட்டியோடு ஊர் ஊராகப் போவது இதனால்தான். இன்னொரு காரணம் அரும்பில் நடக்கிற தற்செயல் மாற்றம். அதுவும் எப்போதும் கெடுதல் இல்லை. விதையற்ற நேவல் தோடை பிரேசிலில் அப்படி ஒரு மாற்றத்தில் வந்ததுதான். 1873-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகருக்கு வந்த இரண்டு மரங்களிலிருந்து அந்த மாநிலத்தின் நேவல் தோடைத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. இடையில் வேர் அழுகத் தொடங்கியபோது, சுற்றிலும் இளங்கன்றுகளை நட்டு, அவற்றின் தண்டைத் தாய்மரத்தோடு ஒட்டி, புது வேரில் நிற்கவைத்தார்கள். தாயின் மேல்பகுதியில் குற்றம் இல்லை, வேரில்தான் குற்றம் என்று கண்டதால் அந்த வைத்தியம் பலித்தது.

தாயை மாற்றும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: குற்றம் வேரிலா, சாறிலா? உப்பு, வேர்முடிச்சுப் புழு, வேர் இறுக்கம், இவையெல்லாம் செடியின் மேற்பகுதிக்குள் ஏறிப் பிள்ளைக்குப் போகிற குற்றங்கள் அல்ல. நல்ல நுனித்தடி ஒன்றை எடுத்துப் புது மண்ணில் வேர்விட வைத்தால் வம்சம் புதிதாகத் தொடங்கும். இலையில் மஞ்சள் வளையம், திட்டுத்திட்டாகப் பச்சை வெளிறல், காரணமில்லாத சுருளல், பூ இதழில் கோடு கோடாக நிறம் முறிதல், இவை புது மண்ணுக்குப் போன பிள்ளையிலும் தொடர்ந்தால் சாறில் குற்றம். அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. திசு வளர்ப்பு ஆய்வுகூடங்களில் வளர்முனையின் நுண்ணிய துண்டை எடுத்து வைரசு நீக்குவார்கள். நாம் செய்யக்கூடியது வேறொரு வீட்டிலிருந்து சுத்தமான தடி தேடுவதுதான். சத்துக் குறைவிலும் இலை வெளிறும், சிற்றுண்ணியிலும் சுருளும். அதனால் ஒரு இலையைப் பார்த்து முடிவு கட்டாமல், எருவும் சவர்க்கார நீரும் கொடுத்து, அடுத்த தளிர் எப்படி வருகிறது என்று பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டுகிற வெண்மூட்டுப் பூச்சியை எறும்பு காட்டிக்கொடுக்கும். சாடியில் எறும்பு ஏறினால் இலைக்கு அடியில் தேடுங்கள்.

கத்தியும் வைரசு கடத்தும். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகுமுன் ஸ்பிரிட்டில் துடைப்பது ஒரு நிமிட வேலை. இதைச் சோம்பலில் விடுகிறவர்களிடம் நான் தடி வாங்குவதில்லை.

எப்போது மாற்றுவது என்பதற்கு வயதுக் கணக்கை நான் நம்பமாட்டேன். அதே பருவம், அதே மண், அதே கை, ஆனால் வேர் விடுகிற தடிகள் முன்பைவிடக் குறைந்துகொண்டே வருகின்றன என்றால், அதுதான் கணக்கு. வெட்டிய பிறகும் அடியிலிருந்து தளிர் வராமல் நுனியில் மட்டும் வருவது, விரல் நீளத் தளிரிலேயே மொட்டு வைப்பது, கணுக்கள் நெருங்கிக் குறுகுவது ஆகியவையும் சேர்ந்தால் இனிக் காத்திருக்க வேண்டாம். உண்மையில், அடுத்த தாயை இந்த அறிகுறி வருமுன்பே தொடங்கியிருக்க வேண்டும். நலிந்த தாயிடம் கடைசி நேரத்தில் எடுக்கிற தடியும் நலிந்ததே.

அதற்கு வழி மிகவும் சாதாரணமானது. ஒவ்வொரு மாரியிலும் வேர்விட்ட கன்றுகளில் மிகத் திடமான மூன்று நான்கை விற்காமல் ஒதுக்குங்கள். ஐந்தாறு கணு வந்தவுடன் நுனியைக் கிள்ளுங்கள். கிளைத்தவற்றை மறுபடி கிள்ளுங்கள். ஆண்டு முடியுமுன் எட்டுப் பத்துத் தளிர் தரக்கூடிய குட்டைச் செடி கையில் இருக்கும். அவற்றில் ஒன்றையாவது கிள்ளாமல் பூக்கவிட்டு, பழைய தாயின் பூவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், இதழ் அடுக்கு, அளவு எல்லாம் ஒத்தால்தான் அது தாயாகும் தகுதி பெறும். இதைச் செய்யாமல் தாயை மாற்றினால், பெயர் கலந்துபோன கன்றுகளை அடுத்த ஆண்டு முழுவதும் பெருக்கிக்கொண்டிருப்பீர்கள். வகையின் பெயரையும் எந்தத் தாயிலிருந்து எந்த மாதம் எடுத்தது என்பதையும் யோகட் கப்பை நறுக்கிய துண்டில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். மார்க்கர் எழுத்து நம்மூர் வெயிலில் வெளிறிவிடும், பென்சில் நிற்கும்.

ஒரு வகைக்கு ஒரே ஒரு தாய் என்று வைத்திருப்பது ஆபத்து. இரண்டாவதை உங்கள் வளவிலேயே வைப்பதும் பாதி ஆபத்துதான். ஒரே பூச்சி, ஒரே கிணறு, ஒரே மான். உவர்மலையில் இருப்பவர் ஒன்றைத் தம்பலகாமத்தில் தங்கச்சி வீட்டில் வைத்தால், அங்கே மண்ணும் வேறு, தண்ணீரும் வேறு. ஒரு இடத்தில் போனாலும் மற்ற இடத்தில் தடி கேட்டு வாங்கலாம்.

புதுத் தாய் ஒரு பருவம் தடி கொடுத்து, அதில் நன்றாக வேர் பிடித்ததைக் கண்ட பிறகு பழையதை எடுங்கள். வேரில்தான் குற்றமென்றால், சாடி மண்ணை உதறிக் கொட்டி, வேரைச் சீவி, அந்தச் செடியை நாற்றுமேடைக்குத் தூரமாக வேலியோரம் எருப் போட்டு நடலாம். கிள்ள ஆளில்லாததால் நன்றாகப் பூக்கும், பூசைக்கும் ஆகும். சாறில் குற்றமென்றால் வேலிக்கும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, கத்தியையும் சாடியையும் கழுவி வெயிலில் காயவையுங்கள்.